கோட்டை கட்டிய கைகள்

வீரம் எங்கே காணப்படினும் அதனைப் போற்றுவது மனித இயல்பு. நாடு வேறாயினும், மொழி வேறாயினும், காலம் வேறாயினும், பெரும்படை கண்டு புறமுதுகிடாது நின்றவனின் கதையைக் கேட்டால் நம் நெஞ்சு நிமிர்கிறது. அந்த இயல்பு நல்லதே. ஆனால் அதிலே ஓர் ஆபத்தும் உண்டு. வீரத்தைக் கேட்டு நிமிர்ந்த நெஞ்சு, அந்த வீரம் எதற்காகக் காட்டப்பட்டது, யாருக்காகக் காட்டப்பட்டது, அதன் பயன் யார் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது என்று கேட்க மறந்துவிடுகிறது. அந்த மறதியை நம்பித்தான் ஆதிக்கம் பிழைக்கிறது. 'எங்கள் முன்னோர் வீரர்கள்' என்று சொல்லிவிட்டால், 'எங்கள் முன்னோர் நீதிமான்கள்' என்றும் மெய்ப்பித்துவிட்டதாக அது நினைத்துக்கொள்கிறது.

வீரம் நீதிக்குச் சான்றாகுமா? அடிமைகளை வைத்திருப்பவன் விடுதலைக்காகப் போரிட்டால், அந்தப் போரை விடுதலைப் போர் என்று அழைக்கலாமா? இந்தக் கேள்விகளைக் காற்றிலே வைத்து வாதாடுவதைவிட, நடந்ததொரு போரின் மீது வைத்துப் பார்ப்பதே பகுத்தறிவாளர்க்கு அழகு.

1776ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 28ஆம் நாள். வட அமெரிக்காவின் கீழ்க்கரையிலே, தென் கரோலினா எனும் குடியேற்ற நாட்டின் தலைநகரான சார்லஸ்டன் துறைமுகத்தின் வாயிலிலே, சலிவன் தீவு என்றொரு மணல்தீவு. பதின்மூன்று குடியேற்ற நாடுகள் பிரிட்டிஷ் மன்னர் மூன்றாம் ஜார்ஜை எதிர்த்துப் படை திரட்டி ஓராண்டு கடந்திருந்த நேரம். எங்கள் பிரதிநிதி ஒருவர்கூட இல்லாத மன்றம் எங்களுக்கு வரி விதிக்க என்ன உரிமை என்று கேட்டு மூண்ட போர் அது. தெற்கே ஒரு துறைமுகத்தைப் பிடித்துவிட்டால் அங்குள்ள அரச விசுவாசிகள் திரண்டெழுவர் என்று கணக்கிட்ட பிரிட்டிஷார், ஒரு கப்பற்படையை அங்கே அனுப்பினர். கடற்படைக்குத் தலைவர் பீட்டர் பார்க்கர். தரைப்படைக்குத் தலைவர் ஹென்றி கிளின்டன். உடன் வந்த தளபதிகளுள் ஒருவர் காரன்வாலிஸ் பிரபு. ஆம், பின்னாளில் கவர்னர் ஜெனரலாக இந்தியாவுக்கு வந்து, 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து திண்டுக்கல்லையும் பாராமகாலையும் கும்பெனிக்குப் பறித்துத் தந்த அதே காரன்வாலிஸ்தான்!

தீவிலே நின்றது ஒரு கோட்டை. கோட்டை என்று சொல்வதே மிகை. பாதிதான் கட்டி முடிந்திருந்தது. கருங்கல் இல்லை, செங்கல் இல்லை. பனையின் உறவான பால்மெட்டோ மரங்களை வெட்டி, பதினாறு அடி இடைவெளியில் இரண்டு வரிசையாக அடுக்கி, நடுவே மணலைக் கொட்டி எழுப்பிய சுவர். கடலைப் பார்த்த பக்கம் எழும்பியிருந்தது. பின்பக்கம் திறந்து கிடந்தது. உள்ளே முப்பது பீரங்கிகளும் நானூற்றுச் சொச்சம் வீரர்களும். கர்னல் வில்லியம் மோல்ட்ரி அவர்களுக்குத் தலைவர். மேலிடத்திலிருந்து வந்த ஜெனரல் சார்லஸ் லீ கோட்டையைப் பார்த்தார். இது நிற்காது, விட்டுவிடுங்கள் என்றார். தென் கரோலினாவின் தலைவர் ஜான் ரட்லெட்ஜ் மறுத்துவிட்டார்.

முற்பகலில் ஒன்பது போர்க்கப்பல்கள் நெருங்கின. அவற்றுள் பிரிஸ்டல், எக்ஸ்பெரிமென்ட் என்ற இரண்டும் ஐம்பது பீரங்கிகள் தாங்கிய பெருங்கலங்கள். குண்டுமாரி தொடங்கியது. அடுத்த சில மணி நேரத்தில் கோட்டை பொடியாகியிருக்க வேண்டும். ஆகவில்லை! பால்மெட்டோ மரத்தின் உட்புறம் நாரும் பஞ்சும் போன்றது. கருங்கல் சுவராயிருந்தால் சிதறிச் சில்லுகள் பறந்திருக்கும். இந்த மரமோ வந்த குண்டுகளைப் பஞ்சுமூட்டைபோல் வாங்கி விழுங்கிக்கொண்டது. எதிர்க்குண்டு போட மோல்ட்ரியிடம் வெடிமருந்து குறைவு. எனவே அவர்கள் அவசரப்படாமல், குறிபார்த்து, ஒவ்வொன்றாகச் சுட்டனர். கொடிமரம் அறுந்து விழுந்தபோது, வில்லியம் ஜாஸ்பர் என்ற சார்ஜன்ட் குண்டுகளுக்கு நடுவே வெளியே குதித்துக் கொடியை எடுத்து வந்து மீண்டும் நாட்டினான்.

கிளின்டனின் தரைப்படை என்ன ஆயிற்று? இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட சிப்பாய்கள் பக்கத்துத் தீவிலே இறக்கப்பட்டிருந்தனர். இரண்டு தீவுகளுக்கும் இடையேயுள்ள நீர்வழி நீர் வடியும்போது ஒன்றரை அடி ஆழந்தான், நடந்தே கடந்துவிடலாம் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. அளந்து பார்த்தால் ஏழடி! அக்கரையிலே வில்லியம் தாம்சனின் படை காத்து நின்றது. கோட்டையின் திறந்த முதுகைத் தாக்க மூன்று கப்பல்கள் சுற்றிவரப் புறப்பட்டன. மூன்றும் துறைமுக நடுவிலிருந்த மணல்திட்டில் ஏறிச் சிக்கின. இரண்டு தப்பின, ஆக்டியன் என்ற மூன்றாவதை மறுநாள் அதன் மாலுமிகளே கொளுத்திவிட்டு ஓடினர். இரவு ஒன்பது மணிக்கு மேல் பீரங்கிகள் ஓய்ந்தன. பிரிட்டிஷ் தரப்பில் மாண்டோரும் காயமுற்றோரும் இருநூற்றுக்கு மேல். கோட்டைக்குள் நாற்பதுக்கும் குறைவு. உலகின் முதற்பெரும் கடற்படையை, பாதி கட்டிய மரக்கோட்டை ஒரு பகற்பொழுதில் திருப்பி அனுப்பிவிட்டது.

இது வீரம். ஐயமில்லை. இதனைச் சிறுமைப்படுத்துவது நம் நோக்கமும் அன்று. ஆனால் வரலாற்று ஆசிரியர் பலர் இங்கே பேனாவை மூடிவிட்டுப் போய்விடுகின்றனர். நாம் இங்கேதான் திறக்க வேண்டும்.

அந்த மரங்களை வெட்டியவர் யார்? மிதவைகளாகக் கட்டித் தீவுக்குக் கொண்டுவந்தவர் யார்? வெயிலில் மணல் சுமந்து பதினாறு அடிச் சுவரை நிரப்பியவர் யார்? தச்சர்களோடு நின்று அந்தப் பாரத்தையெல்லாம் சுமந்தவர்கள் கறுப்பின அடிமைகள். கூலி கேட்க உரிமையற்றவர்கள். கட்டி முடித்த கோட்டைக்கு மேலே பறந்த கொடி தங்களுக்காகவும் பறக்கிறது என்று எண்ணவும் அனுமதிக்கப்படாதவர்கள். குண்டை விழுங்கிய மரத்தின் பெருமையைப் பாடினர். அந்த மரத்தைத் தூக்கிய தோளை மறந்தனர்!

இன்னொன்றும் கேளுங்கள். கோட்டை எழுவதற்கு முன்பே அந்தத் தீவிலே வேறொரு கட்டடம் இருந்தது. நோய்மனை என்பது அதன் பெயர். ஆப்பிரிக்கக் கரையிலிருந்து மக்களைச் சரக்காக ஏற்றிவந்த கப்பல்கள் நகருக்குள் நுழையுமுன், தொற்றுநோய் உண்டா என்று பார்ப்பதற்காக அவர்களைத் தடுத்து வைத்த இடம். 1744ஆம் ஆண்டுச் சட்டம் பத்து நாள் தடுத்து வைக்கச் சொன்னது. உயிரோடு மீண்டவர்கள் சந்தைக்குப் போனார்கள். மீளாதவர்கள் அந்த மணலுக்குள் போனார்கள். வட அமெரிக்காவுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கருள் பெரும்பங்கினர் முதன்முதல் கண்ட மண், அந்தத் துறைமுகத்தின் மண்தான். ஒரு பக்கம் அடிமைத்தனத்தின் வாயிற்படி. மறுபக்கம் விடுதலையின் கோட்டை. இரண்டும் ஒரே தீவில்!

இனி, போருக்குப் பத்துத் திங்களுக்கு முன்பு அதே நகரில் நடந்ததைப் பார்ப்போம். தாமஸ் ஜெரமையா என்றொரு கறுப்பர். அடிமையல்லர், விடுதலை பெற்றவர், வசதி படைத்தவர். துறைமுகத்து மணல்திட்டுகளையும் நீரோட்டங்களையும் உள்ளங்கைபோல் அறிந்த கப்பல் வழிகாட்டி. அவரும் அடிமைகளை வைத்திருந்தார் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்; அந்தச் சமுதாய அமைப்பின் நஞ்சு அவ்வளவு ஆழம் இறங்கியிருந்தது. மன்னரின் கப்பல்களுக்கு வழிகாட்டவும், அடிமைகளைக் கிளர்ச்சிக்குத் தூண்டவும் சதி செய்தார் என்று அவர்மீது குற்றம் சாட்டினர், விடுதலை வீரர்கள். வெள்ளையனுக்குக் கிடைத்த நீதிமுறை அவருக்குக் கிடைக்கவில்லை. அடிமைகளுக்கென்று எழுதப்பட்ட சட்டத்தின்கீழ், சமமானோர் அடங்கிய நடுவர் குழு இன்றி விசாரணை நடந்தது. குற்றமற்றவன் என்று இறுதிவரை சொன்னார். அவர் குற்றமற்றவரென்றே நம்பிய மன்னரின் ஆளுநர் வில்லியம் காம்பெல் பிரபு தலையிட முயன்றும் பயனில்லை. 1775 ஆகஸ்ட் 18ஆம் நாள் அவரைத் தூக்கிலிட்டு, உடலையும் எரித்தனர். 'எங்கள் சம்மதமின்றி எங்களுக்குச் சட்டம் செய்யாதே' என்று மன்னரிடம் முழங்கியவர்கள், அந்த மனிதரின் சம்மதமின்றிச் செய்த சட்டத்தால் அவரைக் கொன்றனர். பத்துத் திங்களுக்குப் பிறகு, அந்த ஆளுநர் பிரிஸ்டல் கப்பலில் நின்று காயமுற்றார். மூன்று கப்பல்கள் மணல்திட்டில் ஏறின. வழி அறிந்த ஒரு கையின் மதிப்பு என்னவென்று அந்த மணல்திட்டு சொல்லிற்று.

1775 டிசம்பரிலே மற்றொரு காட்சி. எசமானர்களிடமிருந்து தப்பிய அடிமைகள், பிரிட்டிஷ் கப்பல்களின் நிழலை நம்பி, அதே சலிவன் தீவில் நோய்மனையருகே ஒதுங்கினர். விடுதலைப் படை என்ன செய்தது? விடுதலை தேடி வந்தவர்களை வாழ்த்தியதா? ஒரு படைப்பிரிவை அனுப்பித் தாக்கி, அந்த ஒதுங்கிடத்தை அழித்தது. பிடிபட்டவர்களைச் சிறைகொண்டு போயிற்று. தீவு காலியான பிறகுதான், அடிமைகளின் தோளின்மீது, விடுதலைக் கோட்டை எழுந்தது.

இங்கே மூன்று மறுப்புகள் எழும். மூன்றையும் நேர்மையோடு எதிர்கொள்வோம்.

முதல் மறுப்பு: 'அது காலத்தின் குற்றம்; அன்றைய மனிதர்க்கு அடிமைமுறை தவறென்று தெரியாது.' தெரியும்! சார்லஸ்டன் வெற்றியின் செய்தி பிலடெல்பியாவைச் சென்றடையுமுன்பே, ஜூலை 4ஆம் நாள், எல்லா மனிதரும் சமமாகவே படைக்கப்பட்டனர் எனும் சுதந்திர அறிக்கையை அங்கே கூடிய காங்கிரஸ் ஏற்றுக்கொண்டது. ஜெபர்சன் தீட்டிய முதல் வரைவில் அடிமை வாணிபத்தைக் கண்டிக்கும் ஒரு பத்தி இருந்தது. அது அடித்து நீக்கப்பட்டது. தென் கரோலினாவையும் ஜார்ஜியாவையும் மனங்குளிர வைப்பதற்காகவே நீக்கினோம் என்று ஜெபர்சனே பின்னாளில் எழுதி வைத்தார். எழுதிய அவரும் அடிமைகளை வைத்திருந்தவர். சார்லஸ்டனில் அடிமை வாணிபத்தால் பெருஞ்செல்வம் குவித்த ஹென்றி லாரன்ஸ், 1776 ஆகஸ்டில், அடிமைமுறையை வெறுக்கிறேன் என்று தன் மகன் ஜானுக்குக் கடிதம் எழுதினார். இங்கிலாந்திலே சாமுவேல் ஜான்சன் 1775இலேயே இந்த முரண்பாட்டை நையாண்டி செய்து ஒரு சிறுநூல் வெளியிட்டுவிட்டார். வடக்கே வெர்மான்ட் 1777இல் தன் அரசியல் சட்டத்திலேயே வயதுவந்தோரை அடிமையாக வைப்பதைத் தடுத்தது. பென்சில்வேனியா 1780இல் படிப்படியாக ஒழிக்கச் சட்டம் செய்தது. அதே காலம், அதே நாடு! அறியாமை என்று சொல்ல வழியே இல்லை. அறிந்தே செய்தனர், இலாபம் இருந்ததால் செய்தனர். நெல்லும் அவுரியும் விளைந்த தென் கரோலினாவின் வயல்களில் உழைத்தவர்கள் அடிமைகள். மக்கள்தொகையிலும் அவர்களே பெரும்பான்மை. பெரும்பான்மையைப் பூட்டி வைத்துவிட்டுச் சிறுபான்மை பெற்ற உரிமைக்கு 'மக்கள் விடுதலை' என்று பெயர் சூட்டினர்.

இரண்டாம் மறுப்பு: 'அப்படியானால் பிரிட்டிஷாரே அடிமைகளின் நண்பர்கள் என்கிறீரா?' இல்லை, தோழர்களே, இல்லை. 1775 நவம்பரில் வர்ஜீனியாவின் ஆளுநர் டன்மோர் பிரபு, தம் பக்கம் வந்து ஆயுதம் தாங்கும் அடிமைகளுக்கு விடுதலை என்று அறிவித்தது உண்மை. ஆனால் யாருடைய அடிமைகளுக்கு? கிளர்ச்சிக்காரரின் அடிமைகளுக்கு மட்டும்! அரச விசுவாசியின் அடிமை அடிமையாகவே கிடக்க வேண்டும். அந்தக் காலத்தில் அட்லாண்டிக் கடலில் அடிமைக் கப்பல் விட்டவர்களுள் முன்னணியில் நின்றதும் பிரிட்டன்தான். 1807 வரை அதன் சட்டம் அந்த வாணிபத்தைத் தடுக்கவில்லை. 1782 டிசம்பரில் அவர்கள் சார்லஸ்டனை விட்டுப் போனபோது ஆயிரக்கணக்கான கறுப்பரைக் கப்பலேற்றினர். அவர்களுள் பலர் விடுதலைக்குப் போகவில்லை, எசமானர்களின் உடைமைகளாகவே போயினர். ஓநாய்க்கும் புலிக்கும் சண்டை நடந்தால் ஆடு எந்தப் பக்கம் சேருவது? எந்தப் பக்கம் வேலியில் சந்து தெரிந்ததோ அந்தப் பக்கம் ஓடியது. அதற்காக ஆட்டைத் துரோகி என்பது என்ன நீதி?

மூன்றாம் மறுப்புதான் மிகவும் தந்திரமானது. 'முதலில் அந்நியனை விரட்டுவோம். வீட்டுக்குள்ளிருக்கும் குறையைப் பிறகு பார்த்துக்கொள்வோம்.' கேட்க இனிமையான வாதம். அதற்குச் சார்லஸ்டனே விடை சொல்லியிருக்கிறது.

ஹென்றி லாரன்சின் மகன் ஜான் லாரன்ஸ் இளைஞர். தந்தை கடிதத்தில் எழுதியதைச் செயலில் காண விரும்பியவர். மூவாயிரம் அடிமைகளைப் படையில் சேர்ப்போம், போர் முடிந்ததும் அவர்களுக்கு விடுதலை தருவோம் என்று திட்டம் கொண்டுவந்தார். 1779 மார்ச்சில் காங்கிரஸ் அதற்கு இசைந்து, தென் கரோலினாவுக்கும் ஜார்ஜியாவுக்கும் பரிந்துரைத்தது. தென் கரோலினாவின் சட்டமன்றம் வெகுண்டு தள்ளிவிட்டது. அதே ஆண்டு மே திங்களில் பிரிட்டிஷ் படை சார்லஸ்டனின் வாயிலுக்கே வந்து நின்றபோது, ரட்லெட்ஜின் ஆட்சிக்குழு என்ன செய்தது தெரியுமா? நகரை விட்டுவிட்டால் போர் முடியும்வரை நாங்கள் நடுநிலை வகிக்கிறோம் என்று பகைவனிடம் பேரம் பேசிற்று! 1776இல் மரக்கோட்டையை விடமாட்டேன் என்ற அதே ரட்லெட்ஜ்! அடிமையின் கையில் துப்பாக்கி கொடுக்கும் யோசனையைச் சகிக்க முடியாத ஆட்சி, விடுதலையை ஏலத்தில் வைக்கத் துணிந்தது. அடுத்த ஆண்டு, 1780 மே 12ஆம் நாள், நகரம் கிளின்டனிடம் சரணடைந்தது. எதனைக் காக்க எதனை விட ஒருவன் முன்வருகிறான் என்பதே அவனுடைய உண்மையான கொள்கை. மற்றதெல்லாம் மேடைப் பேச்சு.

அந்நியன் போன பிறகாவது குறை தீர்ந்ததா? 1787இல் அரசியல் சட்டம் வகுக்கக் கூடியபோது, அடிமை இறக்குமதியை 1808 வரை தடுக்கக்கூடாது என்ற விதி நுழைந்தது. அதற்காக முன்னின்று வாதாடியவர்கள் தென் கரோலினாவின் பிரதிநிதிகள், அவர்களுள் ரட்லெட்ஜும் ஒருவர். 'பிறகு' என்ற சொல் எண்பத்தொன்பது ஆண்டுகள் நீண்டது! 1860 டிசம்பரில், அடிமைமுறைக்கு ஆபத்து வந்துவிட்டது என்று வெளிப்படையாகவே எழுதி வைத்துவிட்டு, தென் கரோலினா அமெரிக்க ஒன்றியத்திலிருந்து முதன்முதலாகப் பிரிந்தது. 1861 ஜனவரியில் தனக்கொரு கொடி செய்துகொண்டது. என்ன கொடி? மோல்ட்ரி படையின் நீலநிறமும் பிறையும். அவற்றோடு நடுவிலே ஒரு பால்மெட்டோ மரம்! மன்னராட்சியை எதிர்த்து நின்ற மரத்தை, மனிதனை விற்கும் உரிமைக்குச் சின்னமாக்கினர். அவ்வாண்டு ஏப்ரலில், மணல்திட்டில் கப்பல்கள் சிக்கினவே, அங்கே பின்னர் எழுந்த சம்ட்டர் கோட்டையின்மீது குண்டுகள் பொழிந்து உள்நாட்டுப் போர் தொடங்கியபோது, சலிவன் தீவின் மோல்ட்ரி கோட்டைப் பீரங்கிகளும் முழங்கின. இம்முறை அவை முழங்கியது யார் பக்கம்? அடிமை வைத்திருந்தோர் பக்கம். வீரம் குறைந்திருக்கவில்லை. ஆகவே, வீரம் என்பது கருவி. பிடித்த கையின் நோக்கமே அதன் நோக்கம். அது நீதிக்குச் சான்றாகாது.

அப்படியானால் 1776இன் விடுதலை முழக்கமெல்லாம் வெறும் பொய், தூக்கி எறிந்துவிடலாமா? அவசரப்பட வேண்டாம். கோபத்தில் நாம் செய்யக்கூடிய பெரும்பிழை அதுவே. திருடன் கையிலிருப்பதால் விளக்கு இருளாகிவிடாது. எல்லா மனிதரும் சமம் என்ற சொல்லைச் சொன்னவர்கள் தங்களுக்கு மட்டுமே அதைப் பூட்டி வைக்க நினைத்தனர். ஆனால் சொல், பூட்டுக்கு அடங்கும் பொருளன்று. சுவருக்கு அப்பால் நின்று உணவு பரிமாறியவனும் அதைக் கேட்டான். மணல் சுமந்தவனும் கேட்டான்.

கேட்டவர்களுள் ஒருவரின் செயலைச் சொல்லாமல் இக்கட்டுரை முடியாது. ராபர்ட் ஸ்மால்ஸ், பிறப்பால் அடிமை. உள்நாட்டுப் போரின்போது சார்லஸ்டன் துறைமுகத்தில் பிளான்டர் என்ற கப்பலின் சுக்கான் பிடித்தவர். கறுப்பர் என்பதால் வழிகாட்டி என்ற பட்டத்தைக்கூட அவருக்குத் தர மறுத்தனர். 1862 மே 13ஆம் நாள் விடியுமுன், வெள்ளை அதிகாரிகள் கரையில் உறங்கிக்கொண்டிருந்த வேளையில், கப்பலைக் கிளப்பினார். தம் மனைவி மக்களையும் பிற அடிமைகளையும் ஏற்றிக்கொண்டார். கப்பலில் இருந்தவர்கள் பதினாறு பேர். தலைவனின் வைக்கோல் தொப்பியை அணிந்துகொண்டு, கோட்டைகளைக் கடக்கும்போது முறைப்படி சைகை ஒலி எழுப்பி, சம்ட்டரின் பீரங்கி வாய்க்கு அடியிலே துணிந்து சென்று, வெளிக்கடலில் நின்ற ஒன்றியக் கடற்படையிடம் கப்பலை ஒப்படைத்தார். 1775இல் எந்தத் துறைமுகம், வழி அறிந்த கறுப்பர் என்ற காரணத்துக்காகவே தாமஸ் ஜெரமையாவைக் கண்டு அஞ்சித் தூக்கிலிட்டதோ, அதே துறைமுகத்தின் வழியறிவு இன்னொரு கறுப்பரின் கையில் பதினாறு உயிர்களுக்கு விடுதலை வாங்கித் தந்தது. ஸ்மால்ஸ் 1875இல் அமெரிக்கக் காங்கிரசின் உறுப்பினராகவும் அமர்ந்தார். எந்தக் காங்கிரஸ் ஒரு பத்தியை அடித்து நீக்கியதோ, அந்த மரபில் வந்த மன்றத்திலே, நீக்கப்பட்ட அந்தப் பத்தியே மனித வடிவில் போய் அமர்ந்ததுபோல!

அவர் காட்டியதும் வீரந்தான். ஆனால் இந்த வீரத்தின் பயன் யாருக்கு என்று கேட்டால், எவரையும் மறைக்காமல் விடை சொல்ல முடிகிறது. வேறுபாடு அங்கேதான்.

ஆகவே நம் முதற்கேள்விக்கு வருவோம். அடிமை வைத்திருந்தவன் நடத்திய போரை விடுதலைப் போர் என்னலாமா? ஆட்சி மாற்றப் போர் என்னலாம். துணிவின் போர் என்னலாம். விடுதலை என்ற சொல்லை மட்டும் அவ்வளவு மலிவாகத் தந்துவிடக் கூடாது. ஒரு நாட்டின் விடுதலையை அளக்க வேண்டிய இடம், கொடிமரத்தின் உச்சியன்று. கோட்டைச் சுவரின் அடி. அடியிலே மணல் சுமப்பவன் நிமிர்ந்து நிற்கிறானா? தன் உழைப்புக்குக் கூலியும், தன் உயிருக்குச் சட்டப் பாதுகாப்பும், தன் குழந்தைக்கு எதிர்காலமும் உண்டென்று அவன் சொல்கிறானா? சொன்னால் விடுதலை. சொல்லாவிட்டால், எசமானரின் முகவரி மாறியிருக்கிறது, அவ்வளவே.

நம் மண்ணிலும் இதை உணர்ந்தவர் உண்டு. மராட்டிய நாட்டில் சோதிராவ் புலே, சாதியின் கொடுமையைத் தோலுரித்து 1873இல் எழுதிய நூலுக்கு 'குலாம்கிரி', அதாவது 'அடிமைத்தனம்' என்று பெயரிட்டு, கறுப்பின அடிமைகளின் விலங்கை உடைக்கப் பாடுபட்ட அமெரிக்க நன்மக்களுக்கு அதனைக் காணிக்கையாக்கினார். அவர் வணங்கியது, கடல் கடந்து உடைந்த விலங்கை.

சலிவன் தீவில் ஆண்டுதோறும் ஜூன் 28ஆம் நாளைக் கொண்டாடும் மரபு இருக்கிறது. நெடுங்காலம் அங்கே வெற்றியைப் பற்றி மட்டுமே பேசினர். அடிமைகளாக வந்திறங்கியவர்களை நினைத்து அமர்வதற்கு வழியோரத்தில் ஒரு பலகைகூட இல்லையே என்று 1989இல் வருந்தினார், கறுப்பின எழுத்தாளர் டோனி மாரிசன். 2008ஆம் ஆண்டு ஜூலையில் அந்தத் தீவிலே ஓர் இருக்கை போடப்பட்டது; அவரே வந்து அதில் அமர்ந்தார். கோட்டைக்கு நினைவு எழ ஆண்டுகள் ஆகவில்லை. கோட்டை கட்டிய கைகளுக்கு ஒரு பலகை போட இருநூற்று முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆயின!

இளைஞர்களே! எந்த வெற்றி விழாவுக்குப் போனாலும், எந்தக் கோட்டையை அண்ணாந்து பார்த்தாலும், கைதட்டுங்கள், தடையில்லை. தட்டி முடித்தபின் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: இதைக் கட்டியவர்கள் எங்கே?